வீட்டுக் கடதாசியிலை மூண்டாவது பேர்

உ

வெள்ளவத்தை,
12.11.1997

என்ரை செல்ல மகள் நேசமலருக்கு அப்பா எழுதிக்கொள்வது,

நானும் அம்மாவும் இஞ்சை சுகம். நீயும் அங்கை சுகமாய் இருக்கவேணும் எண்டு பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேந்து வைச்சிருக்கிறன், தேங்காய் விக்கிற விலைக்கு அவர் கேட்டுத்தான் ஆகவேணும். சுகம் எண்டு நான் எழுதின உடனை அம்மா தோளுக்கு மேலாலை எட்டிப் பாத்து, முழங்கால் நோவை எழுதேல்லையோ, பிறசரை எழுதேல்லையோ எண்டு கேக்கிறா. எழுதிப்போட்டன். முழங்கால் நோகுது, பிறசர் இருக்குது, வாய்க்கு மட்டும் ஒரு வருத்தமும் இல்லை. கீழ்வீட்டு வலன்ரைன் அங்கிளும் சுகம். றெயில்வேயிலை பச்சைக் கொடி காட்டுற காட் வேலை பாத்த மனிசன் எல்லோ, பென்சன் எடுத்துப் பத்து வருசமாகியும் கடற்கரைப் பக்கம் றெயில் சத்தம் கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையோடை எழும்பி மணிக்கூட்டைப் பாத்து, எட்டு நிமிசம் லேற் எண்டு திட்டிப்போட்டுத்தான் திரும்பி இருப்பார். மழை தொடங்கியிட்டுது. குசினிக் கூரை ஒழுகுது, வீட்டுக்காரி மாக்ரெட் நோனாவிட்டைச் சொன்னால், என்ரை தலைக்கு மேலையும் தானே ஒழுகுது மிஸ்டர் கதிர்காமநாதன் எண்டு சிரிக்கிறா. அவ சிரிச்சால் எனக்கு வாடகையைப் பற்றிக் கதைக்கப் பயம், அதாலை ஒழுக்குக்குக் கீழை பேசின் ஒண்டை வைச்சுத் தண்ணி பிடிக்கிறம்.

சரி, விசயத்துக்கு வாறன். உன்ரை கடிதம் போன கிழமை திங்கள் வந்தது. நாலு தரம் வாசிச்சன். முதல் தரம் எனக்கு, ரெண்டாந்தரம் அம்மாவுக்கு உரத்து, மூண்டாந்தரம் வலன்ரைனுக்கு, நாலாந்தரம் கோவத்துக்கு. ரெண்டு சோதினையிலை பெயில் எண்டும், வகுப்பிலை நீதான் மொக்கு எண்டும், கணக்கு எண்டு சொல்லிச் சேத்துப்போட்டு இப்ப இலக்கமே இல்லாத கணக்குப் படிப்பிக்கினம் எண்டும் எழுதியிருந்தாய். அங்கை இருக்கிற தில்லைநாதன் மாமா ஆறு மாசக் கொம்பியூட்டர் கோர்ஸ் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறாராம், முடிச்ச கையோடை வேலையாம். கணிதத்தை விடுறதெண்டால் மார்கழி முடியமுதல் கம்பசுக்குக் கடதாசி குடுக்கவேணுமாம், அப்பா ஓம் எண்டு ஒரு சொல்லு எழுதினால் குடுத்திடுவியாம். பிள்ளை, அந்த ஒரு சொல்லை நான் எழுதமாட்டன். ரெலிபோன் எடுத்துச் சொல்லியிருக்கலாம், ஆனால் கொமினிக்கேஷன் கடையிலை அந்தக் கூட்டுக்குள்ளை நிண்டு கதைச்சால் நீ அழுவாய், நீ அழுதால் அம்மா அழுவா, கடைக்காரன் கண்ணாடியாலை பாத்துக்கொண்டு நிப்பான், நான் என்னத்தைச் சொல்லவந்தனான் எண்டு மறந்து ஓம் எண்டாலும் எண்டிடுவன். அதாலைதான் எழுதுறன். எழுத்திலை என்னை ஒருத்தரும் அழுது வெல்லேலாது.

ஐஞ்சாம் வகுப்பை அரைவாசியிலை விட்டிட்டு ஓடின மனிசனுக்குக் கனடாக் கம்பசுப் படிப்பைப் பற்றி என்ன தெரியும் எண்டு நீ நினைப்பாய். நினை. எனக்குத் தெரிஞ்ச கணக்கு ஆறு மாடியும் ஒரு நிலமும்தான். முப்பத்தொரு வருசம் கொழும்புக் கோட்டையிலை லிஃப்ட்காரனாய் நிண்டு மேலை கீழை போய்வந்து, நான் போன தூரத்தை நேராய் அடுக்கினால் உன்ரை கனடாவுக்கு வந்து திரும்பியிருப்பன் எண்டு நீதான் சின்னனிலை கணக்குப் பாத்துச் சொன்னனீ, ஞாபகமோ. பதினொரு வயதிலை. கொப்பியின்ரை கடைசிப் பக்கத்திலை. ஒரு மாடி எத்தினை அடி, ஒரு நாளைக்கு எத்தினை தரம் எண்டு என்னை விசாரிச்ச விசாரணையைப் பாத்தால் போன கிழமை நடந்த விசாரணை ஒண்டுமே இல்லை. விசாரணை எண்டு வாசிச்ச உடனை நெஞ்சிலை கை வைக்காதை. நான் வீட்டிலை இருந்துதான் எழுதுறன், பக்கத்திலை தேத்தண்ணி இருக்குது, அம்மா திட்டிக்கொண்டு நிக்கிறா, எல்லாம் வழமை போலைதான். ஆனால் நடந்ததை நீ முழுக்க வாசிக்கவேணும், ஏனெண்டால் அது உன்னாலைதான் நடந்தது, உன்னாலைதான் தப்பினதும்.

இஞ்சை தமிழாக்கள் இருக்கிற வீட்டிலையெல்லாம் ஆர் ஆர் இருக்கினம் எண்டு ஒரு கடதாசியிலை எழுதி, பொலிசிலை குடுத்துச் சீல் குத்தி வைச்சிருக்கவேணும் எண்டது உனக்குத் தெரியும். எங்கடை கடதாசியிலை மூண்டு பேர். கதிர்காமநாதன், கனகேஸ்வரி, நேசமலர். நீ போய் மூண்டு வருசம், பிறகேன் உன்ரை பேர் எண்டு கேப்பாய். நீ வெளிக்கிட்ட வருசம் கடதாசி மாத்தேக்கை உன்ரை பேரை வெட்டத்தான் நான் பேனையை எடுத்தனான். அம்மா கையைப் பிடிச்சிட்டா. உயிரோடை இருக்கிற பிள்ளையின்ரை பேரை வீட்டுக் கடதாசியிலை குறுக்கை கோடு கீறி வெட்டுறதோ, செத்த ஆக்களுக்கெல்லோ அப்பிடிச் செய்யிறது, உங்களுக்கு மனமிருக்கோ எண்டு குழறி, அண்டைக்குச் சோறும் இல்லை. சரி, பசிக்குது, வெட்டேல்லை எண்டு விட்டன். அடுத்த முறை புதுக் கடதாசி எழுதேக்கையும், வெட்டாட்டிலும் எழுதாமல் விடுவம் எண்டன். அதுகும் வெட்டினமாதிரித்தானாம். ஆக மூண்டு வருசமாய்ப் பொலிசின்ரை கணக்கிலை நீ வெள்ளவத்தையிலை எங்களோடை இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய்.

போன வியாழன் விடிய ஆறரை இருக்கும், வந்திட்டினம். போன மாசம் கோட்டையிலை குண்டு வெடிச்ச பிறகு அடிக்கடி வருவினம், அது புதினமில்லை. ஒரு சார்ஜன், நாலு பேர். சார்ஜன் கடதாசியை வாங்கிப் பாத்தார், என்னைப் பாத்தார், அம்மாவைப் பாத்தார், கோ துவ எண்டார், மகள் எங்கை எண்டு. நான் வாய் திறக்கமுதல் அந்தாளின்ரை கண் மேசைக்குப் போட்டுது. மேசையிலை மூண்டு கோப்பை. வியாழக்கிழமையிலை வலன்ரைன் எங்களோடை எல்லோ காலமைச் சாப்பாடு, அம்மா இடியப்பம் போட்டுச் சொதியும் ஊத்தி வைச்சிட்டா, வலன்ரைன் கீழை முகம் வழிச்சுக்கொண்டு நிக்கிறார். கடதாசியிலை மூண்டு பேர், மேசையிலை மூண்டு கோப்பை, வீட்டிலை ரெண்டு கிழடு. இருபத்தொரு வயதுப் பெட்டை ஒருத்தி பொலிசைக் கண்டு ஒளிச்சிட்டாள் எண்டுதான் எவனும் நினைப்பான். நானே நினைச்சிருப்பன். கட்டிலுக்குக் கீழை பாத்திச்சினம், அலுமாரியைத் திறந்திச்சினம், தண்ணித் தாங்கிக்குள்ளையும் ஒருத்தன் ரோச் அடிச்சுப் பாத்தான். கனடா, கனடா எண்டு நான் கத்துறன். என்ரை சிங்களம் உனக்குத் தெரியும்தானே, லிஃப்ட் சிங்களம், மேலை, கீழை, கதவிலை சாயாதை எண்டதோடை முடிஞ்சிடும். கடைசியிலை உன்ரை கடிதம் எல்லாம் போட்டு வைச்ச பிஸ்கற் ரின்னையும் தூக்கிக்கொண்டு, நட ஸ்ரேஷனுக்கு எண்டிட்டார். எந்த ஸ்ரேஷன் எண்டு எழுதமாட்டன், கடிதம் உடைச்சு வாசிக்கிறவைக்கும் கொஞ்சம் வேலை இருக்கட்டும். வலன்ரைன் ஒரு கன்னத்திலை சவுக்கார நுரையோடை ஓடிவந்து, நானும் வாறன், சிங்களத்தை நான் கதைக்கிறன் எண்டு பின்னாலை வந்த மனிசன். அந்த உதவியை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன், ஆனால் அதை அவருக்குச் சொல்லமாட்டன், சொன்னால் வெள்ளிக்கிழமையும் சாப்பிட வருவார்.

அங்கை போய் இருந்தால் சார்ஜன் ரின்னைக் கவிட்டு மேசையிலை கொட்டினார். பேப்பரை வீணாக்காதை, ஒரு பக்கத்திலை கணக்குச் செய்தால் மற்றப் பக்கத்திலை அப்பாவுக்குக் கடிதம் எழுது எண்டு உனக்குப் புத்தி சொன்னது ஆர்? இந்தப் புத்திசாலிதான். மூண்டு வருசக் கடிதமும் ஒரு பக்கம் தமிழ், மற்றப் பக்கம் உன்ரை கணக்கு. கணக்கெண்டால் கூட்டல் கழித்தல் எண்டாலும் பரவாயில்லை. தலைகீழாய் நிக்கிற எழுத்து, விழுந்து படுத்திருக்கிற எட்டு, கண்ணாடியிலை பாத்தமாதிரித் திரும்பி நிக்கிற மூண்டு, அம்புக்குறி, அம்புக்குறிக்குப் பின்னாலை அம்புக்குறி. சார்ஜனுக்கு முகம் மாறியிட்டுது. அந்தத் திரும்பின மூண்டிலை விரலை வைச்சு, மேக மொகத்த, இது என்ன எண்டார். மூண்டு மாத்தயா எண்டன். ஏன் திரும்பி நிக்குது எண்டார். கனடாவிலை சரியான குளிர் மாத்தயா, முகத்திலை காத்து அடிக்கும் எண்டன். வலன்ரைன் என்ரை காலிலை ஏறி மிதிச்சது இப்பவும் கண்டிப்போய்க் கிடக்குது. சார்ஜன் சிரிக்கேல்லை.

பகிடி விட்டாலும் உனக்கு உண்மையைச் சொல்லுறன் பிள்ளை, சார்ஜன்ரை முகத்தைப் பாக்கப் பயந்து மற்றப் பக்கம் திரும்பினன். எதிர் வாங்கிலை ஒரு மனிசி இருந்தா, எங்கடை பக்கத்து மனிசி மாதிரித்தான், கையிலை ஒரு ஐடென்ரிக் காட்டைப் பிடிச்சுக்கொண்டு. மகன்ரையாம். முதல் நாள் பின்னேரத்திலை இருந்து அந்த வாங்கிலைதானாம். எனக்கு முன்னாலை நாலு பேர் அவவைக் கடந்து போச்சினம், ஒருத்தரும் அந்தக் காட்டை வாங்கிப் பாக்கேல்லை. என்ரை பிள்ளையின்ரை பேர் கடதாசியிலை இருக்குது, பிள்ளை இல்லை. அவவின்ரை பிள்ளையின்ரை காட் கையிலை இருக்குது, பிள்ளை இல்லை. ஆனால் என்ரை பிள்ளை எங்கை எண்டு எனக்குத் தெரியும். அதை நினைக்க எனக்குப் பகிடி விடுற ஆசை போட்டுது.

பிறகு சார்ஜன் என்ரை சேட்டுப் பையைக் காட்டி, அதுக்குள்ளை என்ன எண்டார். அதுதான் உன்ரை கடைசிக் கடிதம். திங்கள் வந்த கடிதம், விடுறன் எண்டு எழுதின கடிதம். வியாழன் வரைக்கும் பைக்குள்ளைதான் கொண்டு திரிஞ்சனான். எடுத்துக் குடுத்தன். அதின்ரை பின் பக்கம் முழுக்க ஒரு கணக்கு, மேலையிருந்து கீழை வரைக்கும் ரெண்டு பெரிய கோடு போட்டு வெட்டியிருக்கிறாய், பேனை பேப்பரைக் கிழிச்சுப்போட்டுது. ஏன் வெட்டியிருக்குது, என்னத்தை மறைக்கிறாய் எண்டு அந்தாள் மேசையிலை அடிச்ச சத்தத்துக்கு, மூலையிலை ரைப் அடிச்சுக்கொண்டிருந்த பொம்பிளைக் கொன்ஸ்ரபிள் நிமிந்து பாத்தா. நிலந்தி எண்டு பேர், உன்னை விட ஐஞ்சாறு வயது கூட இருக்கும். எழும்பி வந்து சார்ஜன்ரை தோளுக்கு மேலாலை பாத்தா. பாத்த உடனை முகத்திலை ஒரு வெளிச்சம், தெரிஞ்ச ஆளைச் சனத்துக்குள்ளை கண்டமாதிரி. சேர், இது அனலிசிஸ் எண்டா. நீ கடிதத்திலை பெயில் எண்டு திட்டியிருந்த அந்தப் பாடத்தின்ரை பேரை நான் அங்கை, அந்த இடத்திலை, ஒரு பொலிஸ் பிள்ளையின்ரை வாயாலை கேட்டன். என்ன தெரியுமோ, அவவும் கணிதப் பட்டம்தான் படிக்கிறா. வேலை பாத்துக்கொண்டு, வெளியிலை இருந்து சோதினை மட்டும் எடுக்கிறது. இந்தப் பேப்பரிலை ரெண்டு தரம் பெயிலாம். வாற சித்திரையிலை மூண்டாந்தரம் எடுக்கிறாவாம். ரைப் மெசினுக்குப் பக்கத்திலை பைலுகளுக்குக் கீழை மண்ணிறக் கடதாசி உறை போட்ட கொப்பி ஒண்டு, எடுத்துக் காட்டினா. அதுக்குள்ளையும் திரும்பின மூண்டு. சார்ஜன் உன்ரை பேப்பரையும் அவவின்ரை கொப்பியையும் மாறி மாறிப் பாத்த பார்வை, ரெண்டு பேரும் ஒரே இயக்கமோ எண்டு கேக்கிறமாதிரி இருந்தது.

அந்தத் திரும்பின மூண்டு என்ன எண்டு சார்ஜனுக்கு அவ விளங்கப்படுத்தினா, வலன்ரைன் எனக்குத் தமிழிலை சொன்னார். எவ்வளவு கிட்ட வரவேணும் எண்டு நீ சொல்லு, எவ்வளவு சின்ன இடைவெளி எண்டாலும் சொல்லு, நான் அதை விடக் கிட்ட வந்து காட்டுறன், அதுதானாம் அந்த மூண்டு. நல்ல சாமான் எண்டு நினைச்சன். பிறகு அவ உன்ரை வெட்டின கணக்கை நிண்டபடி வாசிச்சா, கதிரையை இழுத்துப்போட்டு இருந்து வாசிச்சா, பென்சிலைக் காதிலை இருந்து எடுத்தா. நீ அந்த இடைவெளியை மூண்டு துண்டாய்ப் பிரிச்சிருக்கிறியாம். முதல் துண்டு சரியாம். ரெண்டாந் துண்டும் சரியாம், தான் எழுதினதை விட நேர்த்தியாம், அதைப் பாத்துத் தன்ரை கொப்பியிலை எழுதினவ, என்னட்டைக் கேட்டுப்போட்டுத்தான் எழுதினவ. மூண்டாந் துண்டிலைதான் வழி தெரியாமல் நிண்டு, முழுக்கப் பிழை எண்டு நினைச்சு வெட்டிப்போட்டாயாம். கீழை புதுசாய் ஒண்டு தொடங்கியிருக்கிறாய், அதுதான் பிழையாம். வெட்டினதுதான் சரியாம். மூண்டாந் துண்டு வேறை ஒண்டுமில்லையாம், முதல் துண்டேதானாம், மற்ற முனையிலை நிண்டு பாக்கிறது மட்டும்தானாம். வெட்டின கோட்டுக்கு இடையாலை பென்சிலாலை ரெண்டு வரி எழுதி முடிச்சா. எனக்கு ஒரு எழுத்தும் விளங்கேல்லை, ஆனால் முப்பத்தொரு வருசம் சனத்தின்ரை முகத்தைப் பாத்தே எத்தினையாம் மாடி எண்டு சொன்ன ஆள் நான். அந்தப் பிள்ளை பொய் சொல்லேல்லை.

மற்றப் பக்கத்திலை தமிழிலை என்ன எழுதியிருக்குது எண்டு சார்ஜன் கேட்டார். வலன்ரைனுக்குத் தெரியும், நான் திங்களே வாசிச்சுக் காட்டினதெல்லோ. அந்தாள் வெளியிலை காகத்தைப் பாக்கிறார். நான் சொன்னன், சுகமாம் மாத்தயா, படிப்பு நல்லாய்ப் போகுதாம் எண்டு. உனக்காகப் பொலிசிலை நான் சொன்ன பொய் அது ஒண்டுதான். அதை உண்மையாக்கிற வேலை இனி உன்ரை.

கணக்கெண்டு தெரிஞ்ச பிறகு, கடித உறை, முத்திரை, உன்ரை படம் எல்லாம் பாத்துச் சார்ஜன் கொஞ்சம் தணிஞ்சார். ஆனால் ஆள் இல்லாத பேர் கடதாசியிலை இருக்கேலாது, இப்பவே வெட்டு எண்டு பேனையை எடுத்து என்ரை கையிலை தந்தார். வெட்டிப்போட்டு வீட்டை போ. அவ்வளவுதான் வேலை. ஒரு கோடு. நான் பேனையைப் பிடிச்சன், உன்ரை பேருக்கு மேலை கொண்டுபோனன், கை போகேல்லை. அம்மாவின்ரை விசர்க் கதையெண்டு மூண்டு வருசமாய்ப் பகிடி பண்ணினவன் நான்தான். பேனையை மேசையிலை வைச்சுப்போட்டு, பே மாத்தயா, ஏலாது எண்டன். சார்ஜன் எழும்பினார். வலன்ரைன், கதிர், வெட்டுமன் ஐசே, வெறும் பேப்பரெல்லோ எண்டு கெஞ்சுறார். ஏலாது எண்டன். ஏன் ஏலாது எண்டார் சார்ஜன். சரியானதை வெட்டப்படாது எண்டு இப்பத்தானே இந்தப் பிள்ளை சொன்னவ எண்டு நான் சொல்ல, வலன்ரைன் அதைச் சிங்களத்திலை சொன்னாரோ, இல்லாட்டில் தன்ரை பாட்டிலை வேறை ஏதும் சொன்னாரோ தெரியாது, கிழவனுக்குப் பிறசர் எண்டு சொன்னாராக்கும். அந்தப் பிள்ளைதான் இடையிலை வந்து, வெட்டத் தேவையில்லை சேர், பக்கத்திலை குறிப்பு எழுதுவம், தகப்பன்ரை வாக்குமூலம் ஒண்டு எடுத்துப் பைலிலை போடுவம் எண்டு சொல்லி ரைப் மெசினிலை பேப்பரைச் செருகினா. சார்ஜனுக்கும் தேத்தண்ணி நேரம். செய், செய் எண்டிட்டுப் போட்டார்.

மகள் எங்கை எண்டு கேட்டா. கனடா எண்டன். என்ன செய்யிறா எண்டு கேட்டா. கணிதத்திலை பட்டப் படிப்பு எண்டன். விடுறாவோ முடிக்கிறாவோ எண்டு அவ கேக்கேல்லை, ஆனால் எப்ப முடியும் எண்டு கேட்டா. உன்ரை கடிதம் அவவின்ரை கைக்குக் கீழை கிடக்குது, தமிழ்ப் பக்கம் மேலை பாத்தபடி. நான் ஒரு நிமிசம் அதைப் பாத்தன். ரெண்டாயிரமாம் ஆண்டு எண்டன். ரக் ரக் எண்டு அடிச்சா. வலன்ரைன் வாசிச்சுச் சொன்னார், நான் கையெழுத்து வைச்சன், தமிழிலைதான், முழுப் பேரும். இப்ப விளங்குதோ என்ன நடந்திருக்கு எண்டு? என்ரை மகள் கணிதப் பட்டம் படிக்கிறாள், ரெண்டாயிரமாம் ஆண்டு முடிப்பாள் எண்டு உன்ரை அப்பன் சிறிலங்காப் பொலிசுக்கு எழுத்திலை உறுதி சொல்லியிருக்கிறான், சீல் குத்திப் பைலிலை கிடக்குது. நீ மார்கழியிலை கடதாசி குடுத்து விட்டாயெண்டால் நான் பொய் வாக்குமூலம் குடுத்தவன். அறுபத்தேழு வயதிலை என்னை உள்ளுக்குப் போடுவினம். அங்கை சாப்பாட்டுக்கு வெறும் பருப்பாம். யோசிச்சுக்கொள்.

வெளிக்கிடேக்கை அந்த வாங்கு மனிசியின்ரை காட்டை நிலந்தியிட்டைக் காட்டச் சொல்லி வலன்ரைனைக் கொண்டு சொல்லுவிச்சன். அந்தப் பிள்ளை அதை வாங்கிப் பேரை எழுதினா. எழுதினதை மட்டும்தான் கண்டன், மிச்சம் தெரியாது. வீட்டை வந்தால் அம்மா படியிலை இருக்கிறா, மூண்டு கோப்பை இடியப்பமும் அப்பிடியே காய்ஞ்சுபோய்க் கிடக்குது. கடதாசியைத்தான் முதல் பறிச்சவ, என்னைப் பாக்கேல்லை. பேர் வெட்டுப்படேல்லை எண்டு கண்ட பிறகுதான் சாப்பிட்டியளோ எண்டு கேட்டா. உன்ரை பேருக்குப் பக்கத்திலை சிங்களத்திலை எழுதியிருக்கிறது என்ன எண்டு கேக்க, கணிதப் பட்ட மாணவி, கனடா எண்டு வலன்ரைன் வாசிச்சார். அம்மா அதைச் சாமிப் படத்தடியிலை வைச்சுத் திருநீறு பூசிவிட்டிருக்கிறா. அடுத்த முறை வாற பொலிஸ் ஊதித் துடைச்சுத்தான் வாசிக்கவேணும். திங்களிலை இருந்து கம்பசை விட்டால் நல்லதொரு மாப்பிளை பாக்கலாம் எண்டு மெல்லமாய் முணுமுணுத்த மனிசி, இப்ப அதைப் பற்றி மூச்சில்லை.

பிள்ளை, நான் படிச்சவன் இல்லை, புத்தி சொல்லவும் தெரியாது. லிஃப்ட் மட்டும் தெரியும். கறண்ட் நிண்டு, ரெண்டாம் மாடிக்கும் மூண்டாம் மாடிக்கும் இடையிலை லிஃப்ட் நிண்டிட்டால், கதவைப் பிரிச்சுக் குதிக்கிறன் எண்டு நிக்கிறவனைப் பிடிச்சு வைக்கிறதுதான் என்ரை வேலை. குதிச்ச ஒருத்தனைத் தெரியும், இண்டைக்கும் நொண்டிக்கொண்டுதான் மருதானையிலை திரியிறான். நீ இப்ப ரெண்டாம் வருசத்துக்கும் மூண்டாம் வருசத்துக்கும் இடையிலை நிக்கிறாய். இருட்டுத்தான், வேர்க்கும்தான், பக்கத்திலை நிக்கிறவன் தனக்கு எல்லாம் தெரியுமெண்டு சொல்லி இன்னும் பயப்படுத்துவான். குதியாதை. மணியை அடி. நிலந்தி போகேக்கை ஒண்டு சொன்னவ, உங்கடை மகளுக்கு அங்கை போய்க் கேக்க ஆள் இருக்குது அங்கிள், நான் பொலிஸ்காரர் தங்கிற பரக்சிலை இருந்து சுவரைத்தான் கேக்கிறன் எண்டு. அந்தப் படிப்பிக்கிற மனிசனிட்டைப் போ. வெக்கப்படாதை. வெட்டின கணக்கைக் கொண்டுபோய்க் காட்டு, வெட்டாததைக் காட்டாதை. தில்லைநாதனுக்குச் சொல்லு, கொம்பியூட்டர் எங்கையும் ஓடாது, ரெண்டாயிரமாம் ஆண்டும் அங்கைதான் இருக்கும் எண்டு அத்தான் சொன்னவர் எண்டு. அவனுக்குக் கோவம் வந்தால், அவன் சின்னனிலை வாய்ப்பாட்டுக்குப் பயந்து கொழும்பிலை என்ரை லிஃப்டுக்குள்ளை வந்து ஒளிச்சு நிண்ட கதையை அவன்ரை மனிசிக்கு எழுதுவன் எண்டும் சொல்லு.

உன்ரை கடிதத்தை உனக்கே திருப்பி இதுக்குள்ளை வைச்சு அனுப்புறன். நான் தமிழ்ப் பக்கத்துக்குப் பதில் எழுதேல்லை, எழுதவும் மாட்டன். நீ மற்றப் பக்கத்தைத் திருப்பிப் பார். பென்சில் எழுத்து அழியமுதல் பார். உன்னைக் காணாத ஒரு பிள்ளை, எங்கடை பாஷை தெரியாத பிள்ளை, ரெண்டு தரம் பெயில் விட்டுப்போட்டு மூண்டாந்தரம் போற பிள்ளை, உன்ரை கோட்டுக்குள்ளாலை எழுதி முடிச்சிருக்கிறா. நீ ரெண்டு சோதினையோடை குழறுறாய்.

தலைக்கு எண்ணெய் வை, தொப்பி போடாமல் பனிக்குள்ளை போகாதை, பாணைத் திண்டு சீவிக்காமல் ஒரு சோறு கறி வை. இதெல்லாம் அம்மா சொன்னது, நான் சொன்னால் நீ சிரிப்பாய். பிள்ளையார் உன்ரை மண்டைக்குள்ளை இருந்து எல்லாத்தையும் நடத்தி வைப்பார், அப்பாவின்ரையும் அம்மாவின்ரையும் ஆசீர்வாதம் எப்பவும் உன்ரை தலையிலை இருக்கும், எண்ணெயோடை சேத்து. ஒண்டை மட்டும் மறந்திடாதை. அனலிசிஸ் பாடத்தின்ரை நோட்ஸ் முழுக்கப் போட்டோக் கொப்பி அடிச்சுத் தை பிறக்கமுதல் அனுப்பிவிடு. நிலந்திக்குச் சித்திரையிலை சோதினை. நானே கொண்டுபோய்க் குடுக்கிறன் எண்டு வாக்குக் குடுத்திட்டன். கூப்பிடாமல் தானாய்ப் பொலிஸ் ஸ்ரேஷனுக்குப் போற முதல் தமிழன் நானாய்த்தான் இருப்பன், வெறுங்கையோடை அனுப்பிப்போடாதை.

வாக்குமூலத்திலை வைச்ச அதே கையெழுத்தோடை,
உன்ரை அப்பா,
கதிர்காமநாதன்